வீட்டில் கணக்கு விளையாட்டு: தவறை ஆட்டமே காட்டிக்கொடுக்கட்டும்

கணக்கு விளையாட்டு என்று கிடைப்பவற்றில் பெரும்பாதி, விளையாட்டின் மேல் கணக்கை ஒட்டவைத்தவைதான். ஐந்து கூட்டலுக்குச் சரியாக விடை சொன்னால் ஒரு படத்துக்கு வண்ணம் அடிக்கலாம் என்பது அந்த வகை. குழந்தைக்கு வண்ணம் அடிப்பதுதான் விளையாட்டு. கூட்டல், அதற்குக் கட்ட வேண்டிய அபராதம். இரண்டு நாளில் அது குழந்தைக்குப் புரிந்துவிடும், மூன்றாம் நாள் தாளை எடுத்தாலே முகம் சுருங்கும்.

எந்த விளையாட்டையும் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கை எடுத்துவிட்டால் இந்த ஆட்டம் நடக்குமா? நடக்கும் என்றால் வேண்டாம். இரண்டாவது, குழந்தை தப்பாகக் கணக்குப் போட்டால் அது எப்படித் தெரியவரும்? நீங்கள் சொல்லித்தான் தெரியும் என்றால் அந்த ஆட்டத்தில் நீங்கள் தேர்வாளர். ஆட்டத்தின் முடிவே காட்டிக்கொடுத்தால் நீங்களும் ஒரு ஆட்டக்காரர். கீழே இருப்பவற்றில் பல இரண்டாவது ரகம்.

எடுத்து வைக்க வேண்டியவை

வெவ்வேறு நிறத்தில் இரண்டு பகடை, ஒரு சீட்டுக்கட்டு, ஏறக்குறைய ஒரே அளவில் 40 பொத்தான்கள், 100 குச்சிகள் (ஐஸ்கிரீம் குச்சி, பல்குத்தும் குச்சி, எதுவானாலும்), 15 ரப்பர் பேண்ட், கட்டம் போட்ட நோட்டு, ஏ4 தாள்கள், ஸ்கேல், கத்தரிக்கோல், ஸ்கெட்ச் பேனாக்கள், செலோ டேப். இவ்வளவுதான். வீட்டில் 3 வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் பொத்தானும் பகடையும் வாய்க்குள் போகும், தொண்டையில் சிக்கும். பொத்தானுக்குப் பதில் பெரிய பாட்டில் மூடிகளை வைத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் எண்ணி எடுத்து வையுங்கள். அந்த எண்ணுதலும் கணக்குதான்.

நேரம்: 4 முதல் 6 வயதுக்கு 10 நிமிடம், அதற்கு மேல் 20 நிமிடம். இன்னும் ஒரு ஆட்டம் கேட்கும்போதே நிறுத்துவது நல்லது. ஒரே ஆட்டத்தை ஒரு வாரம் முழுக்க ஆடலாம். தினம் ஒரு புது விளையாட்டு என்று போனால் விதிகளைப் புரிந்துகொள்வதிலேயே நேரம் போய்விடும், கணக்குக்கு மிச்சம் இருக்காது.

எண்ணத் தெரிகிறதா, ஒப்பிக்கத் தெரிகிறதா

20 வரை கடகடவென்று சொல்லும் 4 வயதுக் குழந்தைக்கு எண்ணத் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். பொத்தான் குவியலைக் காட்டி "எனக்கு நாலு குடு" என்று கேளுங்கள். ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்தால், எண்களின் பெயர் வரிசை மட்டும்தான் தெரியும், அளவு இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். இன்னொரு சோதனை: ஐந்து பொத்தானை எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் தெரியாது. இந்த நிலையில் கூட்டல் சொல்லிக்கொடுப்பதில் பயனில்லை.

செய்ய வேண்டியது எளிது. பொத்தானைத் தொட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டே எண்ண வேண்டும். விரலால் சுட்டிக்காட்டி மட்டும் எண்ணினால் வாய் ஒரு வேகத்திலும் விரல் ஒரு வேகத்திலும் போகும். நகர்த்தினால் ஒரு பொருளுக்கு ஒரு எண் என்பது தானாக அமையும். முதலில் 3 வரை, அது உறுதியான பிறகு 5, பிறகு 10. மூன்றை எண்ணி, "மூணு" என்று சொல்லிக் கையால் மூடி, "உள்ளே எத்தனை?" என்று கேளுங்கள். மூடிவிட்டதால் திரும்ப எண்ண முடியாது.

அடுத்தது புள்ளி அட்டை. பத்து அட்டைகளில் 1 முதல் 5 வரை புள்ளிகள் வையுங்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு விதமான அடுக்கு. இரண்டு நொடி காட்டி மறைத்துவிட வேண்டும். மூன்று நான்கு புள்ளிகள் வரை கண்ணே சொல்லிவிடும், எண்ணத் தேவையில்லை. ஐந்து வரும்போதுதான் சுவாரசியம். "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டால், "இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் மூணு" என்று பதில் வரும். கூட்டல் அங்கேயே தொடங்கிவிட்டது. கூட்டல் குறியை அதன் பிறகு நிதானமாக அறிமுகப்படுத்தலாம்.

நேர்கோட்டுப் பலகை

இரண்டு ஏ4 தாள்களை நீளவாக்கில் ஒட்டி, 5 செ.மீ. அகலத்தில் 10 கட்டங்கள் ஒரே வரிசையில் வரையுங்கள். இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். பகடைக்குப் பதில் ஒரு நாணயம்: ஒரு பக்கம் 1, மறு பக்கம் 2. முதலில் 10-ஐ அடைபவர் வென்றார்.

பார்க்கச் சாதாரண ஆட்டம். ஆனால் ஒரு விதியில்தான் எல்லாம் இருக்கிறது. காய் 3-இல் இருக்கும்போது 2 விழுந்தால், நகர்த்திக்கொண்டே "நாலு, அஞ்சு" என்று சொல்ல வேண்டும். "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லக் கூடாது. கட்டத்தில் எழுதியிருப்பதைச் சொல்லும்போதுதான் எண்ணின் பெயர், அதன் இடம், கடந்த தூரம் மூன்றும் ஒன்றாக மனத்தில் பதிகின்றன. ராபர்ட் சீக்லர், கீதா ராமணி ஆகிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படியொரு நேர்கோட்டுப் பலகையை இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம் ஆடிய மழலையர் பள்ளிக் குழந்தைகளின் எண்ணறிவு கணிசமாக உயர்ந்தது. எண்ணுக்குப் பதில் நிறங்கள் போட்ட பலகையில் ஆடிய குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

100 கட்டப் பாம்புப் பலகை பிறகு வரட்டும். அதில் ஒரு வரிசை வலப்பக்கமும் அடுத்த வரிசை இடப்பக்கமும் ஓடுவதால், எண் கூடுகிறது என்பதும் திசை என்பதும் சின்னக் குழந்தைக்குக் குழம்பும்.

89-க்குப் பிறகு தடுமாற்றம் வந்தால் கவலைப்பட வேண்டாம். எழுபது, எண்பது என்று வந்த வரிசை தொண்ணூறில் மாறுவதுதான் காரணம். 85 முதல் 95 வரை மட்டும் ஒரு சிறு நேர்கோட்டுப் பலகை வரைந்து சில நாள் ஆடவிட்டால் சரியாகிவிடும்.

பத்தாக்கும் சீட்டு

6 வயதுக்கு மேல் எந்த ஆட்டத்தை முதலில் தொடங்குவது என்று கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டும். சீட்டுக்கட்டிலிருந்து ஜாக்கி, ராணி, ராஜா, ஜோக்கர், 10 எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஏஸ் என்பது 1. மீதம் 36 சீட்டுகள்.

12 சீட்டுகளை மூன்று வரிசையாக முகம் தெரிய வையுங்கள். மாறி மாறி, கூட்டினால் 10 வரும் இரண்டு சீட்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். காலியான இடங்களைக் கட்டிலிருந்து நிரப்புங்கள். எடுக்க ஜோடியே இல்லை என்றால் மேலும் 3 சீட்டு போடுங்கள்.

இதன் அழகு முடிவில் இருக்கிறது. ஒவ்வொரு 1-க்கும் ஒரு 9, ஒவ்வொரு 2-க்கும் ஒரு 8, நான்கு 5-கள் தங்களுக்குள் இரண்டு ஜோடி. சரியாக ஆடினால் 18 ஜோடிகளாக எல்லாம் தீர்ந்து, ஒரு சீட்டுகூட மிஞ்சாது. மிஞ்சினால் யாரோ எங்கோ தப்பாக ஜோடி சேர்த்திருக்கிறார்கள். அவரவர் ஜோடிகளைப் பரப்பித் தேட வேண்டியதுதான். ஆட்டத்தின் நடுவே குழந்தை 3-ஐயும் 6-ஐயும் எடுத்தால் வாயை மூடிக்கொண்டிருங்கள். கடைசியில் ஒரு 4-உம் ஒரு 7-உம் அநாதையாக மேசையில் கிடக்கும்போது அது தானே தன் ஜோடிகளைப் புரட்டும்.

விரல் விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள். பத்தாகும் ஜோடிகள் மனப்பாடமான நாளில் விரல் தானாக மடங்கிக்கொள்ளும்.

குச்சிக் கட்டு: இடமதிப்பு

இரண்டு பகடையை உருட்டி, விழுந்த கூட்டுத்தொகைக்குக் குச்சி எடுக்க வேண்டும். கையில் 10 உதிரி சேர்ந்ததும் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு. கட்டிய பிறகுதான் பகடை கைமாறும். இரண்டு பேருக்கு ஆளுக்கு 50 இலக்கு. ஒருவரே ஆடினால் 100, ஏறக்குறைய 15 உருட்டலில் முடிந்துவிடும், ஏனென்றால் இரண்டு பகடையின் சராசரி 7.

ஒவ்வொரு முறையும் "மூணு கட்டு, நாலு உதிரி" என்று வாயால் சொல்லி, பிறகு 34 என்று எழுத வேண்டும். கட்டுகளை இடப்பக்கமும் உதிரியை வலப்பக்கமும் வைப்பது கட்டாயம். குச்சிகள் கிடக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாக இருந்தால்தான் பதியும்.

இரண்டு வாரம் கழித்து ஆட்டத்தைத் திருப்புங்கள். 5 கட்டுகளோடு தொடங்கி, பகடை சொல்வதைத் திருப்பித் தர வேண்டும், முதலில் காலியாவது வெற்றி. முதல் உருட்டலில் 8 விழும், கையில் உதிரியே இருக்காது. ஒரு கட்டைப் பிரிக்காமல் வழியில்லை. நோட்டில் "கடன் வாங்கு" என்று சொல்லிக்கொடுக்கும் அந்தக் கழித்தலை, கை இங்கே முதலில் செய்துவிடுகிறது. பல வீடுகளில் அவசரப்பட்டு குச்சிக்குப் பதில் வண்ண வட்டுகளைக் கொண்டுவருகிறார்கள்: நீலம் ஒன்று, சிவப்பு பத்து. சிவப்பு வட்டுக்குள் பத்து இருப்பதாக நம்பச் சொல்கிறோம். கட்டைப் பிரித்தால் பத்து குச்சி கண் முன்னால் விழும், நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதும் குழந்தைக்கு அடுக்கு அட்டைகள் செய்துகொடுங்கள். உயரம் எல்லாவற்றுக்கும் 3 செ.மீ. 1 முதல் 9 வரை 2 செ.மீ. அகலம், 10 முதல் 90 வரை 4 செ.மீ., 100 முதல் 900 வரை 6 செ.மீ. ஒவ்வொரு இலக்கத்தையும் 2 செ.மீ. இடத்துக்குள் எழுத வேண்டும். 300 அட்டையின் மேல் வலது ஓரம் பொருந்த 5 அட்டையை வைத்தால் 305 தெரியும். அடியில் இரண்டு பூஜ்யங்கள் ஒளிந்திருக்கவில்லை, ஒன்று மட்டும்தான் மறைந்தது என்பதைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

செவ்வகம் பிடித்தல்: வாய்ப்பாடு

கட்ட நோட்டில் 12-க்கு 12 என்று ஒரு சதுரம் வரைந்துகொள்ளுங்கள், மொத்தம் 144 கட்டம். ஆளுக்கொரு வண்ணப் பேனா. இரண்டு பகடையை உருட்டி 4-உம் 6-உம் விழுந்தால், 4 கட்ட அகலம் 6 கட்ட நீளமுள்ள செவ்வகத்தை, ஏற்கெனவே இருப்பதன் மேல் படாமல் வரைய வேண்டும். நிமிர்த்தியும் படுக்கவைத்தும் வரையலாம். உள்ளே 24 என்று எழுத வேண்டும். இடமில்லை என்றால் ஒரு முறை விட வேண்டும், இருவரும் அடுத்தடுத்து விட்டால் ஆட்டம் முடிந்தது. அதிகப் பரப்பு பிடித்தவர் வென்றார்.

ஒரு உருட்டலின் பெருக்கல் சராசரியாக 12-க்குச் சற்று மேல், அதனால் பத்து உருட்டல் சுற்றில் இடம் நெருக்கடி வந்துவிடும். அதற்கு மேல் நீண்டால் சின்னவர்களுக்குச் சலிக்கும். பெரியவர்களுக்கு 20-க்கு 20 எடுக்கலாம்.

கடைசிச் சரிபார்ப்பு: உங்கள் மொத்தம், குழந்தையின் மொத்தம், காலிக் கட்டங்கள் மூன்றையும் கூட்டினால் 144 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு செவ்வகத்தில் தப்பு. அதைத் தேடும் ஐந்து நிமிடத்தில் நடக்கும் பெருக்கல், ஆட்டத்தில் நடந்ததைவிட அதிகம்.

பகடையில் 6 வரைதான் உண்டு. 7, 8, 9 வாய்ப்பாட்டுக்கு ஒரு கோடு போதும். 7-க்கு 8 செவ்வகம் வரைந்து, 5 வரிசைக்குக் கீழே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மேலே 5 எட்டு 40, கீழே 2 எட்டு 16, ஆக 56. ஏழெட்டு மறந்துபோகும் குழந்தைக்கு, மறந்தாலும் திரும்பப் போகும் வழி இது. அதே செவ்வகத்தைத் தாளோடு திருப்பிப் பிடித்தால் எட்டேழு. பாதி வாய்ப்பாடு குறைந்துவிட்டது.

இதே கட்டத்தாளில் 8 வயதுக்கு மேல் ஒரு சிறு ஆராய்ச்சி: சுற்றளவு 24 கட்டமாக இருக்கும் எல்லாச் செவ்வகங்களையும் வரை. 1-க்கு 11, 2-க்கு 10 என்று 6-க்கு 6 வரை ஆறு கிடைக்கும். பரப்பளவுகள் 11, 20, 27, 32, 35, 36. சுற்றளவு மாறாமலே பரப்பு மாறுகிறது என்பதே பல குழந்தைகளுக்கு அதிர்ச்சி. ஒவ்வொன்றும் 36-இலிருந்து எவ்வளவு குறைகிறது என்று எழுதச் சொல்லுங்கள்: 25, 16, 9, 4, 1, 0. அந்த எண்கள் என்னவென்று நீங்கள் சொல்லாதீர்கள்.

தாள் பட்டைப் பின்னங்கள்

ஏ4 தாளின் நீளத்தை 24 செ.மீ. ஆக வெட்டி, 3 செ.மீ. அகலப் பட்டைகளாக நறுக்கினால் ஒரே தாளில் சரியாக 7 பட்டைகள் வரும். 24 ஏன் என்றால், அது 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். ஒரு பட்டையை முழுதாக விட்டுவிட்டு, மற்ற ஆறையும் 2, 3, 4, 6, 8, 12 துண்டுகளாக வெட்டுங்கள். துண்டின் நீளம் முறையே 12, 8, 6, 4, 3, 2 செ.மீ. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நிறம் தீட்டி, துண்டின் மேல் 1/2, 1/3 என்று எழுதுங்கள். ஆளுக்கொரு தொகுதி வேண்டும்.

பாதி, கால், அரைக்கால் மடித்தாலே வந்துவிடும். மூன்றாக மடிப்பதுதான் கோணலாகும், அதை மட்டும் ஸ்கேல் வைத்து 8, 16-இல் குறித்துக்கொள்ளுங்கள். கத்தரி ஒரு மி.மீ. விலகினால் இரண்டு 1/8 துண்டுகள் ஒரு 1/4 துண்டைவிடச் சற்று நீளும் அல்லது குறையும். அது தாளின் பிழை என்று குழந்தையிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் எட்டில் இரண்டு பங்கு காலுக்குச் சமம் இல்லை என்று அது சரியாகவே முடிவுசெய்யும்.

முதல் ஆட்டம்: ஒரு பகடையின் முகங்களில் 1/2, 1/4, 1/4, 1/8, 1/8, 1/8 என்று ஒட்டுங்கள். விழுந்த துண்டை முழுப் பட்டையின் மேல் அடுக்க வேண்டும். மிச்சமின்றி, வெளியே நீட்டாமல் முதலில் மூடியவர் வென்றார். இரண்டாவது ஆட்டம் இதைவிட நல்லது. இரண்டு 1/2 துண்டுகளால் மூடிய பட்டையோடு தொடங்கி, விழுந்ததை எடுத்துக்கொண்டே வர வேண்டும். 1/8 விழும்போது மேலே 1/2 தான் இருக்கும். அதைக் கொடுத்து நான்கு 1/8 மாற்றிக்கொள்ளலாம், அல்லது ஒரு 1/4-உம் இரண்டு 1/8-உம். சமபின்னம் என்ற பாடத்தின் சாரம் இந்தச் சில்லறை மாற்றுதான். மூன்றின் குடும்பத்துக்குப் பகடையில் 1/2, 1/3, 1/4, 1/6, 1/12, 1/12 போடுங்கள். 1/8-ஐ இதில் கலக்காதீர்கள், இருபத்துநான்கில் ஒரு பங்கு மிச்சமாகி, மூடவே முடியாமல் ஆட்டம் நின்றுபோகக்கூடும்.

1/2 + 1/4 = 2/6 என்று எழுதும் குழந்தையோடு வாதாட வேண்டாம். 1/2 துண்டையும் 1/4 துண்டையும் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள், 18 செ.மீ. இரண்டு 1/6 துண்டுகளை அதன் கீழே வைக்கச் சொல்லுங்கள், 8 செ.மீ. கூட்டிய பிறகு வந்தது, கூட்டுமுன் இருந்த பாதியைவிடவே சின்னது.

கப்ரேகரின் கழித்தல்

நான்கு இலக்கக் கழித்தலை ஒரு பக்கம் முழுக்கப் போடச் சொன்னால் எந்தக் குழந்தை போடும்? இதற்காகப் போடும். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். கப்ரேகர் கண்டறிந்தது இது. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத நான்கு இலக்க எண் ஒன்றை எடு. இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கு, சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கு, கழி. விடையை வைத்து மறுபடி அதையே செய்.

3524 எடுத்தால்: 5432 − 2345 = 3087. அடுத்து 8730 − 0378 = 8352. அடுத்து 8532 − 2358 = 6174. அதற்கு மேல் போட்டாலும் 6174 தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் 7 படிகளில் 6174-இல் வந்து நிற்கும். நிற்கவில்லை என்றால் எங்கோ கழித்தல் தவறு.

7, 8 வயதுக்கு மூன்று இலக்கத்தில் தொடங்குங்கள், அங்கே முடிவு 495, அதிகபட்சம் 6 படி. 831 − 138 = 693, 963 − 369 = 594, 954 − 459 = 495. மூன்று இலக்கத்தில் இன்னொரு வசதி: ஒவ்வொரு படியிலும் விடையின் நடு இலக்கம் 9 ஆகத்தான் இருக்கும், ஓரத்து இரண்டையும் கூட்டினாலும் 9. ஒவ்வொரு வரியையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம். சிக்குவது ஒரு இடத்தில்தான். 211 − 112 = 99 என்று வந்ததும் குழந்தை திகைக்கும். அதை 099 என்று எழுதி, 990 − 099 என்று தொடர வேண்டும். பூஜ்யத்தை விட்டுவிட்டால் ஆட்டம் செத்துவிடும்.

ஆறு பத்தியில் பகா எண்கள்

100 வரை எழுதிப் பகா எண்களைச் சலித்தெடுக்கும் முறை கிரேக்க அறிஞர் எரடோஸ்தீனஸ் பெயரில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. வழக்கமாகப் பத்து பத்தியில் எழுதுவார்கள். ஆறு பத்தியில் எழுதிப் பாருங்கள், 17 வரிசை வரும். 1-ஐ அடித்துவிடுங்கள். 2-ஐ வட்டமிட்டு அதன் மடங்குகளை அடித்தால் 2, 4, 6-ஆம் பத்திகள் ஒரேயடியாகப் போகும். 3-ஐ வட்டமிட்டால் மூன்றாம் பத்தியும் போகும். மீதி முதல் பத்தியும் ஐந்தாம் பத்தியும்தான். 5-இன் மடங்குகள் இடப்பக்கம் சரியும் கோட்டிலும், 7-இன் மடங்குகள் வலப்பக்கம் சரியும் கோட்டிலும் விழும். புதிதாக அடிக்க வேண்டியவை 25, 35, 55, 65, 85, 95, 49, 77, 91 ஆகிய ஒன்பது மட்டுமே. அடுத்த எண் 11, அதன் வேலை 121-இல்தான் தொடங்கும் என்பதால் நிறுத்திவிடலாம்.

எஞ்சியவை 25 இருக்க வேண்டும். 26 வந்தால் பெரும்பாலும் 91 தப்பித்திருக்கும். 24 வந்தால் 2-ஐயோ 3-ஐயோ சேர்த்தே அடித்திருப்பார்கள்.

குதிரைப் பந்தயம்

1 முதல் 12 வரை குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் 6 கட்டப் பாதை. ஆளுக்கு மூன்று குதிரை தேர்ந்தெடுத்த பிறகு இரண்டு பகடையை உருட்டி, கூட்டுத்தொகை எந்தக் குதிரையோ அது ஒரு கட்டம் நகரும். பெரிய எண் என்று 12-ஐயும், முதல் எண் என்று 1-ஐயும் ஆசையாக எடுப்பார்கள். 1 அசையவே அசையாது. மூன்று பந்தயத்துக்குள் 6, 7, 8-க்குச் சண்டை வரும். ஏன் என்று பார்க்க 6-க்கு 6 அட்டவணை போடட்டும்: 36 வாய்ப்பில் 7-க்கு 6, 12-க்கு 1.

பகடைகள் வெவ்வேறு நிறத்தில் இருக்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரே நிறமானால் 3+4-உம் 4+3-உம் ஒன்றுதானே என்று கேட்பார்கள், விளக்குவது கடினம். சிவப்பில் 3 நீலத்தில் 4 வேறு, சிவப்பில் 4 நீலத்தில் 3 வேறு என்பது கண்ணுக்கே தெரியும்.

நீங்கள் செய்யக்கூடிய தவறுகள்

அதிகம் பேசுவது முதல் தவறு. குழந்தை பகடையைப் பார்த்தபடி சும்மா இருக்கும் ஐந்து நொடியில் விடையைச் சொல்லிவிடுவோம். அந்த நேரம் யோசிக்கும் நேரம், பத்து நொடி பொறுங்கள்.

தப்பான விடைக்கு மட்டும் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்பது அடுத்தது. அப்படிச் செய்தால் அந்தக் கேள்வி வந்தாலே விடை தப்பு என்று குழந்தை படித்துக்கொள்ளும், உடனே வேறு எண்ணை ஊகித்துச் சொல்லும். சரியான விடைக்கும் அதே குரலில் கேளுங்கள்.

கடிகாரம் வைத்து ஆடாதீர்கள். வேகம் பழக்கத்தில் வரும். நேரம் குறித்தால் யோசிப்பதை விட்டு ஊகிப்பதுதான் வளரும்.

அண்ணன் தம்பி சேர்ந்து ஆடும்போது பெரியவனே ஜெயித்துக்கொண்டிருந்தால் சின்னவன் ஒதுங்கிவிடுவான். விட்டுக்கொடுத்து ஆடச் சொல்வது இருவருக்கும் பிடிக்காது. விதியை மாற்றுங்கள்: செவ்வக ஆட்டத்தில் சின்னவன் விரும்பினால் ஒருமுறை கூடுதலாக உருட்டலாம், சீட்டில் பெரியவன் மூன்று சீட்டுகளால்தான் 10 சேர்க்க வேண்டும். மூன்று சீட்டு விதியில் கடைசியில் சீட்டு மிஞ்சலாம், அது தவறில்லை.

இல்லையென்றால் வயது உதவாத ஆட்டம் ஒன்று இருக்கிறது. 10 பொத்தான்களை வரிசையாக வைத்து, மாறி மாறி 1 அல்லது 2 எடுக்க வேண்டும், கடைசிப் பொத்தானை எடுப்பவர் வென்றார். ரகசியத்தைச் சின்னவனிடம் மட்டும், அதுவும் பாதியாகச் சொல்லுங்கள்: எதிராளிக்கு 3 பொத்தான் விட்டுவைத்தால் நீ ஜெயித்தாய். அவர் 1 எடுத்தால் நீ 2, அவர் 2 எடுத்தால் நீ 1. அங்கிருந்து 6, 9 என்று பின்னோக்கிப் போவதை அவனே கண்டுபிடிக்கட்டும். 10 பொத்தானில் முதலில் ஆடி 1 எடுப்பவர் கையில்தான் ஆட்டம். அண்ணன் அதைக் கண்டுபிடித்துவிட்ட நாளில் 9 பொத்தான் வைத்து, "நீயே முதல்ல ஆடு" என்று அண்ணனிடம் சொல்லச் சொல்லுங்கள்.